ஜனவரியில் கடைசி இடம்... ஜூனில் கோப்பை! ஐஸ் ஹாக்கியை அசரவைத்த செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்

2019, ஜனவரி 3. அன்று காலை என்.ஹெச்.எல் பாயின்ட்ஸ் டேபிளில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியைத் தேடியவர்களுக்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது. நேராகக் கீழே போனால் போதும். 31 அணிகளில் 31-வது இடம். 37 ஆட்டங்களில் 15 வெற்றி, வெறும் 34 புள்ளிகள்.

அதே வருடம், ஜூன் 12. பாஸ்டன் நகரில் எதிரணியின் சொந்த மைதானத்தில், உலகின் மிகப் பழைமையான விளையாட்டுக் கோப்பைகளில் ஒன்றான ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்றது அதே ப்ளூஸ் அணி. இடையில் 160 நாள்கள்தான்!

"அதெப்படிங்க முடியும்?" என்று கேட்கிறீர்களா? அதைத்தான் பார்க்கப்போகிறோம். ஐஸ் ஹாக்கி பற்றி ஒண்ணுமே தெரியலைன்னாலும் பரவாயில்லை. முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கலாம்.

ஐஸ் ஹாக்கி - 2 நிமிட அறிமுகம்

பனிக்கட்டித் தரை. ஒரு பக்கத்துக்கு 6 பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. காலில் ஸ்கேட்ஸ், கையில் ஸ்டிக். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. எடை கிட்டத்தட்ட 170 கிராம்தான். ஆனால், வேகமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். 20 நிமிடங்கள் வீதம் 3 பகுதிகள். வீரர்கள் முழு நேரமும் களத்தில் இருக்க மாட்டார்கள். முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் முழு மூச்சாக ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார்கள். அடுத்த செட் உள்ளே குதிக்கும். ஆட்டம் நிற்காமலேயே இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வேலைக்கு ஆகும்.

என்.ஹெச்.எல் என்பது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த புரொஃபஷனல் லீக். 2018-19 சீசனில் 31 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 82 லீக் ஆட்டங்கள். ஜெயித்தால் 2 புள்ளி, ஓவர்டைமில் தோற்றால் 1 புள்ளி. முன்னணி 16 அணிகள் ப்ளே-ஆஃப் போகும். அங்கே ஒவ்வொரு சுற்றும் 7 ஆட்டங்கள் கொண்ட தொடர். முதலில் 4 ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இப்படி 4 சுற்று. ஆக, கோப்பை வேண்டுமென்றால் ப்ளே-ஆஃபில் மட்டும் 16 வெற்றிகள் தேவை. ப்ளே-ஆஃப் ஆட்டம் டிரா ஆனால் பெனால்டி ஷூட் அவுட் எல்லாம் கிடையாது. யாராவது கோல் போடும்வரை, நள்ளிரவு தாண்டினாலும், ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அரை நூற்றாண்டு ஏக்கம்

ப்ளூஸ் அணி பிறந்தது 1967-ல். அந்த வருடம்தான் 6 அணிகளாக இருந்த என்.ஹெச்.எல் ஒரே மூச்சில் 12 ஆனது. புதிய 6 அணிகளையும் ஒரே பிரிவில் போட்டார்கள். அதனால் புதிய அணிகளில் ஒன்று கட்டாயம் ஃபைனலுக்குப் போகும். 1968, 1969, 1970 என மூன்று வருடங்களும் அந்த வாய்ப்பு ப்ளூஸுக்குத்தான். ஆனால், ஃபைனலில் எதிரே நின்றவை பழைய ஜாம்பவான்கள். முதல் 2 வருடங்கள் மான்ட்ரியால், மூன்றாவது வருடம் பாஸ்டன். மூன்று ஃபைனல்களிலும் சேர்த்து 12 ஆட்டங்கள். 12-லும் தோல்வி! 1970 ஃபைனலில் பாஸ்டனின் பாபி ஆர் வெற்றி கோலைப் போட்டுவிட்டு, காற்றில் பறந்தபடி இருக்கும் புகைப்படம் இன்றுவரை பிரபலம். அது ப்ளூஸ் மீது போடப்பட்ட கோல்தான்.

அதன்பின் 49 வருடங்கள் ஃபைனல் பக்கமே போகவில்லை. 1980 முதல் 2004 வரை தொடர்ந்து 25 முறை ப்ளே-ஆஃப் போயும் கோப்பை மட்டும் சிக்கவில்லை. நடுவில் 1983-ல் அணியே ஊரைவிட்டுப் போகப் பார்த்தது. அப்போதைய உரிமையாளரான ரால்ஸ்டன் ப்யூரினா நிறுவனம் அணியைக் கனடாவின் சாஸ்கடூன் நகரத்துக்கு விற்க முயன்றது. லீக் மறுத்துவிட்டது. அந்த வருட வீரர்கள் தேர்வில் ப்ளூஸ் ஒரே ஒரு வீரரைக்கூட எடுக்கவில்லை. புதிய உரிமையாளர் வந்துதான் அணி பிழைத்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது சும்மா ஒரு விளையாட்டுச் செய்தி இல்லை. 2016-ல் அவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ராம்ஸ், லாஸ் ஏஞ்சலிஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. பேஸ்பாலில் கார்டினல்ஸ் 11 முறை சாம்பியன். ஹாக்கியில் மட்டும் கை எப்போதும் காலி. அப்பா பார்த்து ஏமாந்தார், பிள்ளை பார்த்து ஏமாந்தார், பேரப்பிள்ளையும் வரிசையில் நின்றார்!

நல்ல டீம்... மோசமான தொடக்கம்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிடணும். ப்ளூஸ் ஒன்றும் ஒப்புக்குச் சப்பாணி டீம் இல்லை. 2018 கோடையில் நிர்வாகம் காசை இறைத்து ஆள் பிடித்தது. பஃபலோ அணியிலிருந்து ரயன் ஓ'ரைலி வந்தார். அதற்கு முந்தைய சீசனில் பஃபலோ லீக்கின் கடைசி இடம். தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மீதான காதலே சில நேரம் தொலைந்துபோனது என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஓ'ரைலி. டைலர் போஸாக், டேவிட் பெரோன் எனக் கைதேர்ந்த ஆட்களும் வந்தார்கள். செயின்ட் லூயிஸிலேயே பிறந்து வளர்ந்த பேட் மரூன், அந்த ஊரில் இருக்கும் தன் மகனின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வருட ஒப்பந்தத்தில் சொந்த ஊர் திரும்பினார்.

ஆனால், ஆட்டம் அமையவில்லை. நவம்பரில் கோச் மைக் யோவை நீக்கினார்கள். உதவியாளராக இருந்த க்ரெய்க் பெரூபி 'இடைக்கால கோச்' ஆனார். உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? அதுதான் இல்லை. டிசம்பரில் பயிற்சியின்போதே ராபர்ட் போர்டுஸோவும் ஸாக் சான்ஃபோர்டும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். ஒரே டீம் ஆட்கள்! வீடியோ ஊரெல்லாம் பரவியது. சான்ஃபோர்டுக்கு அந்த சீசன் தொடக்கமே கொடுமை. செப்டம்பரில் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். அந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆட்டத்தில் மறுபடி வருவார்.

ஆக, ஜனவரி 3 அன்று இருந்த நிலைமை இதுதான்: வேலை நிரந்தரமில்லாத கோச், ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கும் வீரர்கள், கடைசி இடம். சூதாட்டச் சந்தையில் ப்ளூஸ் கோப்பை வெல்லும் என்று பணம் கட்டினால் ஒன்றுக்கு 250 மடங்கு என்ற அளவுக்குக் கேலியாகிப் போயிருந்தது.

வரிசையில் நாலாவது ஆள்

அப்போதுதான் ஜோர்டான் பின்னிங்டன் வந்தார். வயது 25. 2011-ல் மூன்றாவது சுற்றில், 88-வது ஆளாகத் தேர்வு செய்யப்பட்ட கோல்கீப்பர். 7 வருடங்களாக அணியின் கணக்கில் இருந்தும் பெரும்பாலும் கீழ் லீக் வாழ்க்கைதான். அந்த சீசன் தொடங்கும்போது ப்ளூஸின் கோல்கீப்பர் வரிசையில் அவருக்கு நாலாவது இடம். அதற்கு முந்தைய வருடம் இன்னும் சுவாரஸ்யம். ப்ளூஸுக்குச் சொந்தமாகக் கீழ்நிலை அணி இல்லாததால், அவரை ப்ராவிடன்ஸ் ப்ரூயின்ஸ் அணிக்குக் கடன் கொடுத்துவிட்டார்கள். அது யாருடைய அணி தெரியுமா? பாஸ்டன் ப்ரூயின்ஸின் கீழ்நிலை அணி! பின்னாளில் ஃபைனலில் யாரைத் தடுக்கப்போகிறாரோ, அவர்கள் வீட்டிலேயே தங்கி ஆடியவர்.

2019 ஜனவரி 7. ஃபிலடெல்பியாவில் பின்னிங்டன் முதன்முறையாக ஓர் என்.ஹெச்.எல் ஆட்டத்தைத் தொடங்கினார். 25 ஷாட்கள் வந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ப்ளூஸ் 3-0.

அதன் முந்தைய நாள் ராத்திரி, வீரர்கள் சிலர் அதே ஊரில் ஒரு பாரில் உட்கார்ந்து ஃபுட்பால் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் லாரா ப்ரனிகன் 1982-ல் பாடிய 'க்ளோரியா' பாட்டு ஒலித்தது. கூட்டமே எழுந்து ஆடியது. அதைப் பார்த்து அசந்துபோன ப்ளூஸ் வீரர்கள், இனி ஜெயித்தால் ட்ரெஸ்ஸிங் ரூமில் இந்தப் பாட்டுதான் என்று முடிவு செய்தார்கள். ப்ரனிகன் 2004-லேயே இறந்துவிட்டார். ஆனால், அந்த வருடம் செயின்ட் லூயிஸில் எங்கு திரும்பினாலும் அவர் குரல்தான்.

ஜனவரி கடைசியில் ஆரம்பித்துத் தொடர்ந்து 11 வெற்றிகள். அணியின் வரலாற்றில் அதுதான் மிக நீண்ட வெற்றிப் பயணம். ஜனவரி 3 முதல் ஆடிய 45 லீக் ஆட்டங்களில் 30 வெற்றி. 34 புள்ளிகளில் கிடந்த அணி, 99 புள்ளிகளோடு தன் பிரிவில் மூன்றாவதாக முடித்தது. பின்னிங்டனின் கணக்கு 24 வெற்றி, 5 தோல்வி, ஓவர்டைமில் ஒரு தோல்வி. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 2 கோல்கூட விடவில்லை.

இதில் இன்னொருவரையும் சொல்லணும். ஜேக் ஆலன். அதுவரை அணியின் முதன்மை கோல்கீப்பர். எங்கிருந்தோ வந்த ஒரு புதியவர் தன் இடத்தை எடுத்துக்கொண்டபோது, பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குத் துணையாக இருந்தார். கோப்பை ஜெயித்த டீம்களின் கதையில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். பெயர்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ப்ளே-ஆஃப்: மூன்று கண்டங்கள்

முதல் சுற்றில் வின்னிபெக் ஜெட்ஸ். 2-2 என்ற சமநிலையில் ஐந்தாவது ஆட்டம். முடிய 15 நொடிகள் இருக்கும்போது ஜேடன் ஷ்வார்ட்ஸ் போட்ட கோல் ஆட்டத்தைப் பறித்தது. அடுத்த ஆட்டத்தில் அவரே ஹாட்ரிக். தொடர் 4-2.

இரண்டாவது சுற்றில் டல்லாஸ் ஸ்டார்ஸ். ஏழாவது ஆட்டம் வரை போய், இரண்டாவது ஓவர்டைமுக்கும் இழுத்தது. டல்லாஸ் கோல்கீப்பர் பென் பிஷப், செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். அன்று 52 ஷாட்களைத் தடுத்தார். அவரைத் தாண்டி வெற்றி கோலைப் போட்டது யார்? மகனுக்காக ஊர் திரும்பிய அதே பேட் மரூன்! ஒரு ஊர்ப் பையன் தடுக்க, இன்னொரு ஊர்ப் பையன் அடித்தார்.

மூன்றாவது சுற்றில் சான் ஹோஸே ஷார்க்ஸ். தொடர் 1-1. மூன்றாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் ஷார்க்ஸ் வீரர் கையால் தட்டிய பக் சக வீரருக்குப் போய், அங்கிருந்து கோலானது. கையால் பாஸ் செய்வது விதிமீறல். நான்கு நடுவர்களில் ஒருவரும் விசில் அடிக்கவில்லை. அன்றைய விதிப்படி அதை வீடியோவில் மறுபரிசீலனை செய்யவும் வழியில்லை. 5-4, ஷார்க்ஸ் வெற்றி.

மற்ற டீமாக இருந்தால் அந்தக் கோபத்திலேயே தொடரைக் கோட்டை விட்டிருக்கும். பெரூபி வீரர்களைப் புலம்பவிடவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களின் ஸ்கோர்: 2-1, 5-0, 5-1. மூன்றும் ப்ளூஸுக்கே. அந்த சீசன் முடிந்ததும் இதுபோன்ற தவறுகளை வீடியோவில் பார்க்க வழி செய்து லீக் விதியையே மாற்றியது.

49 வருடம் கழித்து மீண்டும் பாஸ்டன்

ஃபைனலில் எதிரே நின்றது அதே பாஸ்டன். முதல் ஆட்டம் 4-2, பாஸ்டன் வெற்றி. ஃபைனல் தோல்வி எண்ணிக்கை 13 ஆனது. இரண்டாவது ஆட்டம் 2-2 என ஓவர்டைமுக்குப் போனது. கொஞ்ச நேரம் முன்னால்தான் கார்ல் குனார்சன் அடித்த ஷாட் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. இடைவேளையில் பாத்ரூமில் கோச்சைப் பார்த்தவர், "எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு போதும்" என்ற மாதிரி சொன்னாராம். கொடுத்தார்கள். அடித்தார். அதுதான் ப்ளூஸ் வரலாற்றில் முதல் ஃபைனல் வெற்றி.

மூன்றாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே 7-2 என அடி. 5 கோல் வாங்கிய பின்னிங்டனை பாதியிலேயே வெளியே எடுத்து, ஆலனை இறக்கினார்கள். 'பையனின் கனவு முடிஞ்சுதுப்பா' என்று பலரும் நினைத்த நேரம். ஆனால், அடுத்த ஆட்டத்துக்கு பெரூபி மறுபடி பின்னிங்டனையே நிறுத்தினார். 4-2, ப்ளூஸ். ஐந்தாவது ஆட்டமும் 2-1 என ப்ளூஸ். ஆறாவது ஆட்டம் செயின்ட் லூயிஸில். ஜெயித்தால் கோப்பை. ஊரே காத்திருக்க, 5-1 எனத் தோற்றார்கள்.

பாஸ்டன் பக்கமும் சாதாரணமாக இல்லை. 6 அடி 9 அங்குல உயரமுள்ள கேப்டன் ஸ்டேனோ சாரா, நாலாவது ஆட்டத்தில் பக் பட்டுத் தாடை உடைந்தும் அடுத்த ஆட்டத்தில் இறங்கி ஆடினார்.

ஜூன் 12. ஏழாவது ஆட்டம், பாஸ்டனில். முதல் 20 நிமிடங்களில் பாஸ்டன் அடித்தது 12 ஷாட், ப்ளூஸ் அடித்தது வெறும் 4. ஸ்கோர்? ப்ளூஸ் 2, பாஸ்டன் 0! முதல் கோல், ஜே போமீஸ்டர் அடித்த ஷாட்டை ஓ'ரைலி வழியில் தட்டித் திருப்பியது. இரண்டாவது, முதல் பகுதி முடிய 8 நொடிகள் இருந்தபோது. பாஸ்டனின் நட்சத்திரம் பிராட் மார்ஷண்ட் ஆள் மாற்றத்துக்காக பெஞ்சை நோக்கிப் போன அந்தச் சின்ன இடைவெளியில், ஷ்வார்ட்ஸ் உள்ளே புகுந்து பாஸ் கொடுக்க, கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்செலோ முடித்தார். ஆரம்பத்தில் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன ஆள் மாற்றம் இதுதான்.

மூன்றாவது பகுதியில் ப்ரேடன் ஷென் ஒன்று. நாலாவது கோல் யாருடையது? ஸாக் சான்ஃபோர்டு. அப்பாவை இழந்து, பயிற்சியில் அடி வாங்கிய அதே சான்ஃபோர்டு. பாஸ்டன் கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது. 4-1. பின்னிங்டன் 32 ஷாட்களைத் தடுத்தார். ஒரே ப்ளே-ஆஃபில் 16 ஆட்டங்களையும் ஜெயித்த முதல் அறிமுக சீசன் கோல்கீப்பர் அவர்தான். ஃபைனலின் கடைசி 4 ஆட்டங்களிலும் கோல் போட்ட ஓ'ரைலிக்கு ப்ளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது.

சரி, எப்படி நடந்தது இது?

'நம்பிக்கை வச்சா எதுவும் நடக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், அது உண்மையில் பாதிதான். காரணங்கள் மூன்று.

1. பாயின்ட்ஸ் டேபிள் காட்டியதைவிட அணி நல்ல அணி. திறமை உள்ளே இருந்தது, முடிவுகள்தான் வரவில்லை. கோல்கீப்பர் நிலைத்ததும் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தது. ஐஸ் ஹாக்கியில் ஒரு ஆட்டத்துக்கு விழும் கோல்களே குறைவு. அதனால், ஒரு கோல்கீப்பர் ஃபார்முக்கு வந்தால் மொத்தக் கணக்கும் மாறும்.

2. லீக்கின் அமைப்பு. 2005 முதல் என்.ஹெச்.எல்லில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2018-19-ல் ஓர் அணி 79.5 மில்லியன் டாலருக்கு மேல் சம்பளத்துக்குச் செலவழிக்க முடியாது. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொள்ள வழியில்லை. முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையிலான தூரம், வெளியே தெரிவதைவிடக் குறைவு.

3. அடி வாங்கிய மறுநாள் ஆடிய விதம். ப்ளே-ஆஃபின் 26 ஆட்டங்களில் 10 தோல்வி. சொந்த ஊரில் 6 வெற்றி, 7 தோல்வி. வெளியூரில் மட்டும் 10 வெற்றி. கைதட்ட ஆளில்லாத இடத்தில்தான் இந்த டீம் அதிகம் ஜெயித்திருக்கிறது!

இதோடு அதிர்ஷ்டமும் சேர வேண்டும். 15 நொடி மிச்சத்தில் விழுந்த கோலும், இரண்டாவது ஓவர்டைமில் விழுந்த கோலும் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இன்னொன்று... அதே சீசனை 64 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தது ஒட்டாவா செனட்டர்ஸ். அவர்களும் உழைக்காமல் இல்லை. 2024 ஐ.பி.எல்லில் முதல் 8 ஆட்டங்களில் 7 தோற்று, பிறகு தொடர்ந்து 6 ஜெயித்து ப்ளே-ஆஃப் போன ஆர்.சி.பி-யும் எலிமினேட்டரோடு திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி இடத்திலிருந்து எழுந்தவர்கள் எல்லோருக்கும் கோப்பை கிடைப்பதில்லை. ஆனால், பாதி சீசனில் எழுதப்பட்ட பாயின்ட்ஸ் டேபிள் தீர்ப்பு ஆகிவிடாது என்பதற்கு ப்ளூஸ் ஒரு சாட்சி.

கோப்பைக்குப் பிறகு...

ஜூன் 15-ல் செயின்ட் லூயிஸ் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பிரமாண்ட ஊர்வலம். அதில் 76 வயது பாப் ப்ளேகரும் இருந்தார். 1968 முதல் 1970 வரை ஃபைனலில் தோற்ற அந்த அணியில் ஆடியவர். இந்தத் தெருவில் ஒரு ஊர்வலம் போகணும் என்பது அவருடைய பல வருட ஆசை. 2021-ல் இறந்துபோனார். அதற்கு முன் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டார். பெரூபியின் பதவிக்கு முன்னால் ஒட்டியிருந்த 'இடைக்கால' என்ற சொல்லும் அந்த ஜூனிலேயே போனது.

ஸ்டான்லி கோப்பையில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் முதலில் தூக்குவார். பிறகு அவர் யார் கையில் கொடுக்கிறார் என்பது பெரிய மரியாதை. பியட்ராஞ்செலோ கொடுத்தது ஜே போமீஸ்டரிடம். 2002-ல் அறிமுகமாகி 1,184 லீக் ஆட்டங்கள் ஆடியும் கோப்பையைத் தொடாதவர். அப்போது வயது 35.

எட்டு மாதங்கள் கழித்து, 2020 பிப்ரவரி 11. அனஹைமில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சில் சரிந்தார் போமீஸ்டர். இதயம் நின்றுபோயிருந்தது. மருத்துவக் குழு அங்கேயே மின் அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பாற்றியது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதன்பின் அவர் ஒரு ஆட்டத்தில்கூட ஆடவில்லை. 2021 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

ஜனவரியில் 'இந்த வருஷம் அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று ப்ளூஸ் விட்டிருந்தால், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், போமீஸ்டருக்கு அடுத்த வருஷம் பாதியோடு முடிந்துபோனது. அவர் பெயர் இன்று அந்தக் கோப்பையில் பொறிக்கப்பட்டிருப்பது, அந்த வருஷத்தை யாரும் கைவிடாததால்தான்.